பொட்டு வைக்காத லேத்

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒர்க் ஷாப் வாசலில் நின்றவர்கள்:

ஃபோர்மேன் ஐயா. குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மற்ற நாளில் அவரை வேட்டியில் பார்க்க முடியாது.

மேடம். மெக்கானிக்கல் துறையில் இருந்த ஒரே பெண் லெக்சரர். சேர்ந்து மூன்று மாதம்.

கணக்கு டீச்சர். பல்லாவரம் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றிலிருந்து பிள்ளைகளை ரயிலில் கூட்டி வந்தவர்.

அந்தப் பிள்ளைகள். பதினோராம் வகுப்பு, முப்பது பேர். நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி.

நான். ஒர்க் ஷாப் அட்டெண்டர்.

உள்ளே சாமி படம் ஒன்று. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு முடிவு எடுக்கிற இடத்தில் இருந்தது அதுதான்.

சனிக்கிழமைப் பிள்ளைகளை இந்த வருடம் முதல் நீங்கள் பார்த்துக்கொள்ளப் போவதாகக் கேள்விப்பட்டேன். பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து என்ஜினீயரிங் என்றால் என்ன என்று காட்டுகிற வேலை. லேசான வேலை என்று சொல்லித்தான் தந்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள்.

எண்பதுகளின் கடைசி. அதற்கு முன்பே ஆண் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். சிட்லபாக்கத்திலிருந்து வருவார்கள், சேலையூரிலிருந்து வருவார்கள். தரையில் மஞ்சள் கோடு இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் நிற்க வைப்போம். நான் சுவிட்ச் போடுவேன். ஃபோர்மேன் ஐயா லேத்தில் இரும்பைச் சீவுவார். சுருள் சுருளாக விழும். பையன்கள் கை தட்டுவார்கள். பன்னும் டீயும் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஒரு மணி நேர வேலை.

பெண்கள் பள்ளியை யாரும் கூப்பிட்டதில்லை. வேண்டாம் என்று யாரும் சொன்னதும் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மேடத்துக்குத் தோன்றியது. பிரின்சிபாலிடம் போய்க் கேட்டார். அவர் யோசித்துவிட்டுச் சொன்னாராம்:

"ஒரு சனிக்கிழமை பண்ணிப் பாருங்க மேடம். நல்லா வந்தா வருஷம் பூரா வெச்சுக்கலாம். இல்லைன்னா இதோட விட்டுடணும். திரும்பக் கேக்கக் கூடாது."

அந்த ஒரு சனிக்கிழமைதான் நான் சொல்கிற சனிக்கிழமை.

தப்பு எங்கே நடந்தது என்றால், காலண்டரில். காலண்டரில் ஆயுத பூஜை திங்கட்கிழமை போட்டிருந்தது. மேடம் பார்த்தார். சனிக்கிழமை சும்மா இருக்கிற நாள், வகுப்பு கிடையாது, மெஷின் எல்லாம் காலி. அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டார்.

ஒர்க் ஷாப் காலண்டரைப் பார்க்காது. லீவுக்கு முன்னால் ஆட்கள் எல்லாரும் கூடி இருக்கிற கடைசி நாள் எதுவோ, அதுதான் எங்களுக்கு ஆயுத பூஜை. கம்பெனிகளிலும் அப்படித்தான், ஆபீஸ்களிலும் அப்படித்தான். அந்த வருடம் அது வெள்ளிக்கிழமை. காலையில் பல்லாவரம் சந்தைக்குப் போய் வாழைக்கன்றும் பூசணிக்காயும் நானே வாங்கி வந்தேன். சாயங்காலம் பூஜை. ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி எல்லாம் கழுவித் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் குவித்தாயிற்று. வைத்த பிறகு தொடுவதில்லை. விஜயதசமி அன்று கற்பூரம் காட்டித்தான் எடுப்போம்.

இது மேடத்துக்குத் தெரியாது. அவர் படித்த காலத்தில் லீவு விடுவதற்கு முன்பே ஊருக்கு ரயில் ஏறிவிடுவாராம். காலேஜ் பூஜையைக் கண்ணால் பார்த்ததில்லை.

எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள் என்றார், சரி என்றோம். பூஜை போட்ட மெஷின் ஓடாது என்பது ஊருக்கே தெரியும் என்று இருந்துவிட்டோம். வருவார்கள், அலங்காரத்தைப் பார்ப்பார்கள், பொரி வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

கதவைத் திறந்ததும் மேடம் வாழைக்கன்றைப் பார்த்தார். மெஷின்களைப் பார்த்தார்.

"மேடம், இன்னிக்கி மெஷின் ஓட்டறது ஆவாது" என்றார் ஃபோர்மேன் ஐயா.

"கரண்ட் இல்லையா சார்?"

"கரண்ட் கீது. சாமிக்கு வெச்சாச்சு."

"ஒரே ஒரு லேத் மட்டும் சார். பத்து நிமிஷம்."

"அசந்து தூங்கறவன எழுப்பி பத்து நிமிஷம் வேல வாங்குவீங்களா மேடம்? செவ்வாக்கெழம நானே எழுப்பறேன். அன்னிக்கி புள்ளைங்கள இட்டுனு வாங்க. ஒண்ணு இன்னா, எல்லாத்தையும் ஓட்டிக் காட்டறேன்."

கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "செவ்வாய்க்கிழமை எல்லாம் முடியாது சார். முப்பது வீட்டுலயும் பேசிப் பேசி ஒரு நாளுக்கு பர்மிஷன் வாங்கியிருக்கேன். திரும்பப் போய்க் கேட்டா, போன தடவை என்னத்த கிழிச்சீங்கன்னு கேப்பாங்க."

பின்னால் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், பொரியாவது குடுப்பாங்களா?"

முப்பது பேரும் சிரித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். "மல்லிகா, வாய மூடு."

மேடம் பிரின்சிபாலிடம் போவார் என்று நினைத்தேன். போயிருந்தால் அவர் மெஷினை ஓட்டச் சொல்லியிருப்பார். நாங்களும் ஓட்டியிருப்போம். அதற்குப் பிறகு அந்த ஒர்க் ஷாப்பில் மேடத்துக்கு ஒரு ஆணியைக்கூட யாரும் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். பேச்சு அப்படியே நின்று போயிருக்கும்.

அவர் போகவில்லை. ஃபோர்மேன் ஐயாவோடு சண்டையும் போடவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"சார், எதுக்கெல்லாம் பொட்டு வைக்கல?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். முடியாது என்று ஒருவர் சொன்னால், ஏன் முடியாது என்று கேட்பதுதான் வழக்கம். அதற்கு ஆயிரம் காரணம் வரும். ஒவ்வொன்றும் சரியாகவும் இருக்கும். மீதி என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எதிரில் இருக்கிறவர் யோசிக்க ஆரம்பிப்பார்.

ஃபோர்மேன் ஐயா யோசித்தார். "எல்லாத்துக்கும் வெச்சாச்சு மேடம். சுச்சு போர்டு, தண்ணி ட்ரம் வரைக்கும்."

நான் சொன்னேன். "பின்னாடி கண்டம் லேத் ஒண்ணு கீதே."

கண்டம் என்றால், இனி உதவாது என்று முடிவு கட்டி ஒதுக்கியது. ஷெட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தது. மோட்டாரைக் கழற்றி வேறு மெஷினுக்குப் போட்டாயிற்று. ஏலத்துக்குப் போக வேண்டியது.

"அது செத்த மெஷினு. அதுக்கு எதுக்குப் பொட்டு?" என்றார் ஃபோர்மேன் ஐயா.

"அப்ப அதைத் தொடலாமா சார்?"

"தொடலாம். எத்தால தொடுவீங்க? ஸ்பேனர் பூரா சாமி காலடில கீது."

மேடம் என்னைப் பார்த்தார். நான் கேட்டுக்கு வெளியே ஓடினேன்.

எதிரில் சைக்கிள் கடை. கடைக்காரர்கள் காலண்டர் பார்த்துத் திங்கட்கிழமைதான் பூஜை போடுவார்கள். இந்தக் கடைக்காரன் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா நைனா, அவ்ளோ பெரிய காலேஜு. ஒரு ஸ்பேனர் இல்லியா?"

"சாமிகிட்ட கீது."

"சாமி இன்னா, பஞ்சர் ஒட்டிகினு கீதா?"

"குடுப்பியா மாட்டியா?"

"எட்துனு போ. திங்கக்கெழம பூஜைக்கு வோணும், கழுவிக் குடு. பெரிய நட்டுக்கெல்லாம் இது பத்தாது. லாரி ஷெட்டுல கேளு. என் பேர மட்டும் சொல்லிடாத, பேஜாராயிடும்."

லாரி ஷெட்டில் அவன் பேரைச் சொல்லவில்லை. கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது பிள்ளைகள் லேத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். மேலே மூடியிருந்த சாக்கை எடுத்தாயிற்று. துரு, பழைய கிரீஸ், ஒரு அணில் கூடு. ஃபோர்மேன் ஐயா இன்னொரு நிபந்தனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூஜ போட்ட கை இது. நான் தொட மாட்டேன். இவனும் தொட மாட்டான். வாயால சொல்றேன். புள்ளைங்களே கழட்டிக்கட்டும்."

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். மேடமும் ஒரு நொடி யோசித்து, தள்ளி நின்றார். "யாரு முதல்ல?"

ஒருத்தியும் நகரவில்லை. டீச்சர் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். "யூனிஃபார்ம்ல கறை பட்டா நான் பொறுப்பில்ல."

மல்லிகா கேட்டாள். "சார், இந்தக் கறை தொவச்சா போவுமா?"

"போவாது" என்றார் ஃபோர்மேன் ஐயா. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"எங்க அப்பா தோல் ஷாப்புல வேல செய்றாரு. வூட்ல போவாத கறை நெறய கீது. குடுங்க." தாவணியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்பேனரை வாங்கினாள்.

ஒருத்தி தொட்டதும் மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

ஃபோர்மேன் ஐயா பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் கையால் வேலை செய்தவர். எங்களுக்குச் சொல்லித் தந்ததும் கையால்தான். 'பார்றா' என்பார், செய்வார். அதுதான் பாடம். அன்றைக்கு அவரிடம் வாய் மட்டும்தான் இருந்தது.

"இடது பக்கம் திருப்பு."

"யாரோட இடது சார்? உங்களோடதா, என்னோடதா?"

"கடியாரம் சுத்தற பக்கத்துக்கு எதிரா."

"யார்கிட்டயும் வாட்ச் இல்ல சார்."

"ஆட்டுக்கல்லு சுத்துவியே, அந்தப் பக்கம்."

"கை வலிச்சா எங்க வூட்ல ரெண்டு பக்கமும் சுத்துவோம் சார்."

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஃபோர்மேன் ஐயாவின் கை முதுகுக்குப் பின்னால் தானாக ஸ்பேனர் திருப்பிக்கொண்டிருந்தது. நான் பின்னால் நின்றதால் எனக்கு மட்டும் தெரிந்தது.

கடைசியில், "குழாய மூடறது ஒரு பக்கம், தொறக்கறது ஒரு பக்கம். தொறக்கற பக்கம் திருப்பு" என்றார். நட்டு அசைந்தது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் அந்தச் சொல்தான். 'மூடு', 'தொற'. இன்றைக்கும் அந்த ஒர்க் ஷாப்பில் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேள்வி.

பத்தரை மணிக்கு எல்லாம் கழன்று வரிசையாகச் சாக்கின் மேல் இருந்தது. மீதி இருந்தது சக். லேத்தின் முன்பக்கம் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கனத்த வட்டு அது. மரை போட்டு மாட்டியிருக்கும். கழற்றும்போது கீழே ஒரு பலகை வைக்க வேண்டும். கடைசிச் சுற்றில் திடீரென்று விழும். பலகை இல்லாமல் கீழே கை இருந்தால் விரல் போய்விடும்.

பலகை வைக்கச் சொன்னார் ஃபோர்மேன் ஐயா. வைத்தார்கள். நடுவில் ஒருத்தி மண்ணெண்ணெய் டப்பாவை எடுக்க அதை நகர்த்தியிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. சக் கழல இன்னும் நாலைந்து சுற்று இருக்கிறது என்று எல்லாரும் நினைத்தோம். பழைய மெஷின், மரை தேய்ந்து போயிருந்தது. மல்லிகா தாங்கிப் பிடிக்க இரண்டு கையையும் கீழே கொண்டுபோனாள். சக் கழன்றது.

நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் ஃபோர்மேன் ஐயா அங்கே இருந்தார். தோளால் அவளை இடித்துத் தள்ளிவிட்டு, சக்கைத் தன் கையில் வாங்கினார். வாங்கிய வேகத்தில் கட்டை விரல் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நசுங்கியது. சக்கைத் தரையில் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். மறுபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தொட்டுட்டீங்களே சார்" என்றாள் மல்லிகா.

"நான் பேசிக்கறேன் அவர்கிட்ட. நீ பலகைய எட்து வெய்யி."

அவர் எனக்குக் குரு. கொண்ட வழக்கத்தை ஒரு நாளும் விட்டவர் இல்லை. விட வேண்டிய நொடி வந்தபோது யாரையும் கேட்கவும் இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் டீச்சர் பார்த்துவிட்டார்.

"போதும் மேடம். விரல் போயிருந்தா அவ அப்பாகிட்ட நான் என்ன சொல்வேன்? கிளம்புங்கடி எல்லாரும்."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது போயிருந்தால் திரும்ப வந்திருக்க மாட்டார்கள். இனி எந்தப் பெண்கள் பள்ளியும் வந்திருக்காது. மேடத்துக்கு அது தெரியும். அவர் டீச்சரைத் தடுக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை.

"நீங்க சொல்றது சரி டீச்சர். தப்பு என்னோடது. பலகையைப் பாக்கறதுக்குன்னே ஒருத்தரை நிறுத்தியிருக்கணும்" என்றார். பிள்ளைகளிடம் திரும்பினார். "இப்ப என்ன நடந்துச்சுன்னு யாராவது சொல்லுங்க."

நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டப்பா, பலகை, மரை. ஒன்றையும் விடவில்லை. டீச்சர் கேட்டுக்கொண்டு நின்றார்.

மல்லிகா சொன்னாள். "டீச்சர், பாதி கணக்குல எழுந்து போனா நீங்க திட்டுவீங்களே."

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு சாக்கின் மேல் கிடந்த பாகங்களைப் பார்த்தார்.

"மாட்டிட்டுக் கிளம்பணும். அவ்ளோதான்."

மண்ணெண்ணெயில் கழுவினார்கள். துடைத்தார்கள். மாட்டினார்கள். பலகை பார்க்க மட்டும் ஒருத்தி நின்றாள். வேறு எதையும் அவள் தொடவில்லை. மேடம் உள்ளே போய் ஒரு குழாய்த் துண்டும் வெள்ளைத் தாளும் கொண்டுவந்தார். ஸ்டோரில் கிடந்த குழாய், அதற்கும் பொட்டு இல்லை. தாளைக் குழாய் மேல் சுற்றிச் சக்கில் பிடிக்க வைத்தார்.

"டீச்சர், சாக்பீஸ் இருக்கா?"

டீச்சர் கைப்பையில் சிவப்பு சாக்பீஸ் இருந்தது. உளி மாட்டுகிற இடத்தில் அதைக் கட்டினார்கள். மோட்டார் இல்லை. இரண்டு பெண்கள் கையால் கப்பியைச் சுற்றினார்கள். குழாய் மெல்லச் சுற்றியது. சாக்பீஸும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. தாளின் மேல் சிவப்புக் கோடு ஒன்று சுற்றிக்கொண்டே போனது, மரை மாதிரி.

யாரும் கை தட்டவில்லை. குனிந்து பார்த்தார்கள்.

டீச்சர் கிட்டே வந்தார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளியை அளந்தார். இன்னொரு இடத்தில் அளந்தார்.

"ஒரே அளவா இருக்கே. எப்படி?"

"அந்தப் பல்சக்கரத்தை மாத்தினா அளவு மாறும் டீச்சர்" என்றார் மேடம். "எத்தனைன்னு கணக்குப் போட்டே சொல்லிடலாம்."

"இருங்க, நானே போடறேன். பல்லு எத்தனைன்னு எண்ணுங்கடி." ஸ்கேலைப் பல்லில் கடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பைச் செருகி, கப்பியை டீச்சரே பிடித்துச் சுற்றினார்.

பன்னிரண்டு மணிக்குப் பிரின்சிபால் வந்தார். முப்பது தாவணியையும் பார்த்தார். ஒன்றும் வெள்ளையாக இல்லை.

"என்ன மேடம், நம்ம ஆளுங்க மெஷின் ஓட்டிக் காட்டலையா?"

"இல்ல சார். இவங்களே ஓட்டினாங்க."

அவர் தலையை ஆட்டினார். "இந்தத் துணியை வீட்ல பாத்தா அடுத்த தடவை அனுப்புவாங்களா?"

"தெரியல சார்."

"சரி, அடுத்த சனிக்கிழமை பாப்போம். நீங்க கூப்பிடக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது. தானா வரட்டும். இருபது பேராவது வந்தா வருஷம் பூரா நடத்துங்க. இல்லைன்னா நான் முன்னாடி சொன்னதுதான்."

டீச்சர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பாக இருந்தது. "சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் பல்லாவரம் ஸ்டேஷன்ல நிப்பேன்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். "வரணும்னு யாரையும் நான் சொல்ல மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை ஃபோர்மேன் ஐயா கற்பூரம் காட்டி மெஷின்களை எழுப்பினார். கட்டை விரல் நகம் கறுத்திருந்தது. அவர் சாமியிடம் பேசினாரா என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை டீச்சர் ஆபீசுக்கு போன் பண்ணினார். இரண்டு அப்பாக்கள் தாவணியைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார்களாம். மல்லிகாவின் அப்பா அதில் ஒருவர். கறைக்காக இல்லை, விரலுக்காக. விஷயத்தை மல்லிகாவே சொல்லியிருக்கிறாள். "ஒண்ணும் நிச்சயமில்ல மேடம்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபோர்மேன் ஐயா என்னைக் கேட்டார். "நாளைக்கி எத்தினி டீ சொல்றது?"

மேடம் பக்கத்தில்தான் இருந்தார். காதில் விழாத மாதிரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சனிக்கிழமை நான் கேட்டில் நின்றேன். மேடம் கேட்டுக்கு வரவில்லை. உள்ளே உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டேகால் ரயில் போனது. காலேஜுக்குப் பக்கத்தில் இருக்கிற சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்த ரயிலும் போனது. ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் நடந்து போனார்கள். மாடியில் பிரின்சிபால் அறை ஜன்னல் திறந்திருந்தது.

மூன்றாவது ரயிலுக்குப் பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி ஒரு கூட்டம் வந்தது. யூனிஃபார்ம் இல்லை. பழைய பாவாடை, அண்ணன்மாரின் சட்டை. கறை பட்டால் பரவாயில்லை என்று உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். சில பேர் தங்கைகளைக் கூட்டி வந்திருந்தார்கள், பக்கத்து வீட்டுப் பெண்களையும். மல்லிகாவுக்குப் பின்னால் ஒரு ஆள் தள்ளி நடந்து வந்தார். அவள் அப்பா. கேட்டுக்கு வெளியே நின்று, "பலகைய யாரு பாத்துக்கறது?" என்று என்னைக் கேட்டார். உள்ளே வந்து பாருங்கள் என்றேன். வந்தார். கடைசியாக டீச்சர் வந்தார்.

பெண் பிள்ளைகளை மட்டும் எண்ணினேன். ஒரு தடவை தப்பிவிட்டது, மறுபடி எண்ணினேன். உள்ளே போய் மேடத்திடம் சொன்னேன்.

நாற்பத்து நான்கு.